ஹெரால்டின் மூக்கு

டிசம்பர் 2, 1985, திங்கள்

விடாத தூறல். அம்மாவுக்கு மறுபடியும் இளைப்பு. கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுச் சமையலறைப் பின்கதவைத் திறந்தேன். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் ஒர்க்‌ஷாப். திறந்தால் கிரீஸ் வாசனையும் அண்ணனின் முணுமுணுப்பும் ஒன்றாக உள்ளே வரும். திண்டிவனத்தில் எல்லோருக்கும் அவர் மெக்கானிக் இன்னாசி. முழுப்பெயர் இன்னாசிராஜ் என்பது எங்களுக்கும் பங்குச் சாமியாருக்கும்தான் தெரியும்.

அண்ணன் ஒரு லாரியின் முகப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனமும் குங்குமமும் அதில் இன்னும் ஒட்டியிருந்தன. அதைச் சுற்றி மட்டும் துடைத்தார். அப்பா காலத்திலிருந்து இங்கே அப்படித்தான். நாம் வேதக்காரர்கள், அடுத்தவர் சாமிக்கு வைத்த பொட்டை நம் கையால் அழிக்கக் கூடாது என்பார் அப்பா. வண்டிக்குப் பெயின்ட் அடிப்பதென்றாலும் பொட்டு இருக்கும் இடத்தை வண்டிக்காரரே துடைத்துக் கொடுக்க வேண்டும். அப்பா போய் ஆறு வருஷம் ஆகியும் அண்ணன் அதை மாற்றவில்லை.

அப்போதுதான் வெள்ளை ஹெரால்டு கார் வந்து நின்றது. காந்திமதி அக்கா இறங்கினார். புடவை கட்டிவந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். சேற்றில் அப்படியே கால் வைத்து நடந்து வந்தார். திருவெண்ணெய்நல்லூரில் கரும்பும் நெல்லும் பயிரிடுகிற வீட்டுப் பெண். இந்தப் பக்கத்தில் பெண்கள் கார் ஓட்டியே நான் பார்த்ததில்லை. இவர் ரேஸ் ஓட்டுகிறார்.

போன பிப்ரவரியில் சோழவரம் ரேஸில் இந்த வண்டியின் எஞ்சின் பாதி ஓட்டத்தில் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது பேரிங்குகள் எல்லாம் கருகியிருந்தன. அண்ணன்தான் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கட்டினார்.

"இன்னாசி அண்ணே, அப்பா முடிவா சொல்லிட்டாரு," என்றார் அக்கா. "இந்த வாட்டியும் எஞ்சின் போச்சின்னா வண்டி புதுச்சேரிக்காரருக்குத்தான். அந்த ஆளு வாராவாரம் கேட்டுக்கினே கிறாரு."

"எஞ்சின் மேல தப்பில்ல காந்திமதிம்மா. அது ரோட்டுல போறதுக்குப் பண்ண எஞ்சினு. நாம அத்த நோண்டி வேகம் ஏத்தி வச்சிருக்கோம். தண்ணி ஆற ரேடியேட்டர் கீது. எண்ணெய் ஆற என்னா கீது?"

"அதுக்குத்தான் வந்தேன். ஆயில் கூலர் போடணும்."

கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பிப் பார்த்து, "கதவு டீ தருமா?" என்றார். ஓடிவந்துவிட்டேன்.

டிசம்பர் 3

நேற்று அப்புறம் டீ போட்டுக்கொண்டு போய், கையில் கொடுக்காமல் டயர் மேல் வைத்துவிட்டு ஓடியதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் அக்கா வந்து உட்கார்ந்திருக்கிறார். கையில் வெளிநாட்டு மோட்டார் பத்திரிகை. ஒர்க்‌ஷாப் மூடியிருந்ததால் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பேசினார்கள். அதனால் எனக்கு ஒளிந்து நிற்க வேண்டியில்லாமல் போயிற்று. அடுப்படியில் இருந்தால் போதும்.

கூலர் என்பது பார்ப்பதற்குக் குட்டி ரேடியேட்டர். தட்டையான குழாய்கள் வரிசையாக இருக்கும். குழாய்களுக்கு நடுவே சீப்புப் பல் போல மெல்லிய தகடு. எஞ்சினிலிருந்து சூடாக வரும் எண்ணெய் குழாய்க்குள் சுற்றும். எதிர்க்காற்று தகடுகளுக்கு நடுவே புகுந்து போகும். எண்ணெய் ஆறிக்கொண்டு திரும்பும். அவ்வளவுதான். கேட்கக் கேட்க அழகாக இருந்தது.

எதை வாங்குவது என்பதில்தான் சண்டை. அக்காவுக்குப் பதினாறு வரிசைக் கூலர் வேண்டும். பெரிசாக இருந்தால் நன்றாக ஆறும் என்றார். அண்ணன் பத்து வரிசை போதும் என்றார்.

"ரொம்ப ஆறினாலும் பேஜாருதான். எண்ணெய் கொஞ்சம் காயணும், அப்பத்தான் இளகி எல்லா எடத்துக்கும் ஓடும். காயாத எண்ணெயில வடை போட்டா எப்படி இருக்கும்? எங்க சூசையக் கேளுங்க."

சூசைமேரியை அண்ணன் இப்படித்தான் பாதியாக்குவார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும். எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று இருக்கும். அதிகம் காய்ந்தால் புகையும், தண்ணீர் மாதிரி ஓடும். சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஒன்பதாவதில் பாதியில் நின்றேன். நிற்பதற்கு முன்பும் வகுப்பில் எழுந்து பேசியதில்லை. படிப்பு நின்றதால் வந்த ஊமைத்தனம் இல்லை இது. கூடப் பிறந்தது.

அக்காவின் அப்பா வேங்கடேசன் ஐயா, பழைய ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் கம்பி வலையைக் கட்டிக்கொள்ளச் சொன்னாராம். அண்ணன் அரைமணி நேரம் சிரித்தார். "ஐஸு வச்சி ஓட்டச் சொல்லலியே, அதுவரைக்கும் நல்லது."

டிசம்பர் 14

அண்ணன் மெட்ராஸ் போய்விட்டு வந்தார். புதுப்பேட்டையில் உடைத்த கார் ஒன்றிலிருந்து எடுத்த கூலர் கிடைத்ததாம், பளபளவென்று. தொடவே இல்லையாம். "அந்த வண்டி எஞ்சின் எப்படிச் செத்துச்சோ. உதிர்ந்த இரும்புப்பொடி குழாய்க்குள்ள உக்காந்துக்கினு இருக்கும். எத்தினி தரம் கழுவினாலும் ஒரு பொடியாவது மிஞ்சும். அது நம்ம பேரிங்குக்கு வரும்."

ஒரு கடையில் புதுசு இரண்டு இருந்தனவாம், பதினாறும் பத்தும். பத்தைத்தான் வாங்கி வந்திருக்கிறார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் பாதி மனசுதான். ஆனாலும், "நீங்க சொல்றீங்க, சரி," என்றார். பிறகு ஒரு தடவை கூட அதைப் பற்றிப் பேசவில்லை. நானாக இருந்தால் பத்து நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன்.

டிசம்பர் 18

அண்ணனோடு விழுப்புரம் போனேன். அம்மாவுக்கு மருந்து வாங்க நான், லேத்துப் பட்டறைக்கு அவர். எஞ்சினுக்கும் எண்ணெய் பில்டருக்கும் நடுவில் ஒரு தட்டு வர வேண்டும். அந்தத் தட்டில் ஒரு வாய் வழியாக எண்ணெய் கூலருக்குப் போகும், மறு வாய் வழியாகத் திரும்பும். அதைக் கடைவதற்குப் பெரியதம்பி என்பவரிடம் கொடுத்திருக்கிறார். பெரியதம்பி கடைகிற நேரமெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தார். "உன் மூஞ்சி மாதிரி கோணலா வரைஞ்சி கொடுத்துட்டு நேரா வேணும்ன்ற." ஆனால் தட்டு கையில் வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. அண்ணன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன். மேடு இருந்தால் கன்னம் சொல்லிவிடுமாம்.

ஹோஸ், டிராக்டருக்குப் போடுகிற அழுத்த ஹோஸ்தான். இரண்டு முனையிலும் பூட்டு இறுக்கி வாங்கினோம்.

டிசம்பர் 21

இன்று பொருத்தினார்கள். முன் பம்பரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில், கிரில்லுக்குக் கீழே. வண்டிக்கு முன்னால் நின்றால்தான் கூலர் கண்ணுக்குத் தெரியும். நேராக முடுக்காமல் சைக்கிள் டியூபை வெட்டி அடியில் வைத்தார் அண்ணன். ரோட்டின் அதிர்வு தகடுக்குப் போகக் கூடாதாம்.

ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு இணைப்பில் எண்ணெய் கசிந்தது. சொட்டு, சொட்டு. அண்ணன் கழற்றி, செம்பு வாஷரை என் கையில் கொடுத்தார். "அடுப்புல வச்சிச் செவக்கப் பழுக்கட்டும். அப்புறம் தண்ணியில போடு." இரும்பு என்றால் இறுகிவிடுமாம், செம்பு இளகுமாம். இடுக்கியில் பிடித்து ஸ்டவ் மேல் காட்டினேன். செப்புக் காசு போல இருந்தது, நிறம் மாறி மாறிக் கடைசியில் மாலைச் சூரியன் மாதிரி ஆயிற்று. தண்ணீரில் போட்டேன். அதை வைத்து இறுக்கிய பிறகு ஒரு சொட்டும் இல்லை.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சும்மா சுற்ற வைத்தார்கள், எண்ணெய் கூலர் முழுக்க நிறைகிற வரை. பிறகுதான் மறுபடி ஸ்டார்ட். அண்ணன் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கருப்புக் கையில் அவ்வளவு பொறுமை எங்கிருந்து வருகிறது?

டிசம்பர் 25

குடில் வைத்தோம். அண்ணன் நட்சத்திரத்துக்கு ஹெட்லைட் பல்பு போட, தெருவே வந்து பார்த்தது. அம்மா சிரித்தாள்.

டிசம்பர் 28

நான் காரில் போனேன். ரேஸ் காரில்.

மார்கழிப் பனி. ஆறு மணிக்கு வந்து அக்கா ஹார்ன் அடித்தார். "மேரி, வர்றியா? பின்னாடி கனம் வேணும், டெஸ்ட்டுக்கு." பொய் என்று தெரியும். அம்மா, போடி என்றாள்.

குளிரில் எண்ணெய் சூடேறவில்லை. அண்ணன் பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றைக் கூலரின் முகத்தில் முழுசாகக் கட்டினார். காற்று போகாது, எண்ணெய் சீக்கிரம் காயும். டாஷ்போர்டில் எண்ணெய்ச் சூட்டுக்கென்று புது முள் வைத்திருந்தார். எதுவரை போகலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்ததோ அந்த இடத்தில், அக்கா கைப்பையிலிருந்து நெயில்பாலிஷ் எடுத்துக் கண்ணாடி மேல் ஒரு சிவப்புக் கோடு போட்டார். ஒரே இழுப்பில்.

மெட்ராஸ் ரோட்டில் விழுப்புரம் பக்கமாகப் போனோம். புளியமரங்கள் பின்னால் ஓடின. அக்கா வேகத்தில் பேசுவதில்லை. கண் எங்கோ தூரத்தில், கை மட்டும் தானாக இங்கே. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் முள் கோட்டின் பக்கத்தில் வந்துவிட்டது. டீக்கடையில் நிறுத்தி அண்ணன் அட்டையைக் கழற்றினார். திரும்பி வரும்போது அதே வேகம். முள் இறங்கிப் பாதியில் நின்றது, ஆணி அடித்த மாதிரி.

"பத்து வரிசை போதும்," என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று காதைப் பார்த்தே கண்டுபிடித்தேன்.

ஜனவரி 5, 1986

வண்டி திருவெண்ணெய்நல்லூர் போய்விட்டது. பொங்கலுக்கு அங்கே இருக்குமாம். ஒர்க்‌ஷாப் காலியாகத் தெரிகிறது.

ஜனவரி 18, சனி

என்ன எழுதுவது.

காலையில் ஹெரால்டு வந்தது. அக்கா ஓட்ட, பக்கத்தில் வேங்கடேசன் ஐயா. இருவரும் பேசிக்கொள்ளாமல் இறங்கினார்கள். விழுப்புரம் தாண்டி வேகம் எடுத்ததும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டதாம். மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அண்ணன் பானெட்டைத் திறந்தார். ஹெரால்டுக்கு மூஞ்சி மொத்தமும் முன்பக்கமாகச் சாயும், முதலை வாய் மாதிரி. எண்ணெய் அளவு பார்த்தார். சரி. அழுத்தம் சரி. ஹோஸ் மடங்கவில்லை. தண்ணீர்ச் சூடு வழக்கம் போல. எண்ணெய் மட்டும்தான் கொதிக்கிறது. அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எம்மேலதான் தப்பு ஐயா. காந்திமதிம்மா பெரிசு கேட்டாங்க. நான்தான் சின்னது எடுத்துட்டேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் எடுத்தோம்," என்றார் அக்கா.

ஐயா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ரேஸு நடுவுல போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிச்சே, அது நல்லது. எஞ்சின் நல்லாருக்கச் சொல்லோவே கொடுத்துடலாம். புதுச்சேரிக்காரரு திங்கக்கிழமை இங்கியே வந்து எடுத்துக்குவாரு." பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அக்கா போகும்போது ஸ்டியரிங்கை ஒரு தடவை தொட்டார். அழவில்லை.

அண்ணன் பானெட்டை மூடிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தார். டீ கொண்டுபோனேன். வண்டிக்கு முன்பக்கமாகச் சுற்றிப் போனபோது பார்த்தேன்.

கூலர் மஞ்சளாக இருந்தது. முகம் முழுக்க. மாட்டுப் பொங்கலுக்கு மாடு, டிராக்டர், கார் எல்லாவற்றுக்கும் பூசை போட்டிருப்பார்கள். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பியிருக்கிறார்கள். மேலே வரிசையாகக் குங்குமம். தகடுகளின் இடுக்கெல்லாம் சந்தனம் இறங்கிக் காய்ந்து சுண்ணாம்புச் சுவர் மாதிரி அடைத்திருக்கிறது. ஒரு ஊசிகூட நுழையாது.

அட்டை. அன்றைக்குக் கட்டிய அட்டை. அதேதானே இது?

அண்ணன் இதைப் பார்க்கவில்லையா? பார்த்திருப்பார். இந்த வாரம் வந்த வண்டி எல்லாமே சந்தனத்தோடுதான் வந்தன. பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பொட்டைச் சுற்றித்தானே அவர் எப்போதும் துடைப்பார்.

நான் சொல்லல. தம்ளரை வச்சிட்டு வந்துட்டேன். அக்கா அப்பத்தான் போனாங்க, ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டுல சொல்லியிருக்கலாம். ஆனா எப்படிச் சொல்றது — உங்க வீட்டுப் பூசைதான் வண்டியக் கெடுத்துச்சின்னா? அதுவும் நாங்க? வேதக்காரங்க வாயால? அண்ணன்கிட்ட கூட வரமாட்டேங்குது. இப்படி ஒரு தொண்டை எதுக்கு எனக்கு.

ஜனவரி 19, ஞாயிறு

சொன்னேன்.

பூசை முடிந்து வரும் வழியிலேயே அண்ணனிடம் சொல்லிவிட்டேன், தரையைப் பார்த்துக்கொண்டு. அண்ணன் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்தார். வாளியில் தண்ணீர் எடுத்தேன். "வேணாம் சூசை, அது சாமிக்கு வச்சது," என்றார்.

"அப்போ வண்டி போகட்டுமா?"

"அப்பா இருந்தா தொட்டிருப்பாரா?"

உள்ளே இருந்து அம்மாவின் குரல். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அழிக்கக் கூடாதுன்னுதான்டா உங்கப்பா சொன்னாரு. போய்க் கேக்கக் கூடாதுன்னு சொல்லலியே."

பிறகு அண்ணன் என்னைப் பார்த்தார். "பூசினது காந்திமதிம்மாவோட அத்தையாத்தான் இருக்கும். வயசானவங்க. நான் கேட்டா சண்டை மாதிரி ஆயிடும். நீ வா."

விழுப்புரம் போய் பஸ் மாறி, திருவெண்ணெய்நல்லூர் போகும்வரை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது.

வேங்கடேசன் ஐயா வீட்டில் இல்லை. அவருடைய அக்கா வெள்ளையம்மாள் களத்தில் உட்கார்ந்து விதைக் கடலைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். காந்திமதி அக்காவை வளர்த்த அத்தை இவர்தான். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காந்திமதி அக்கா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"பெரிம்மா," என்றேன். என் குரல்தானா என்று இருந்தது. "வண்டிக்கு முன்னாடி, கீழ, சந்தனம் வச்சீங்களா?"

"ஆமா. இவதான் சொன்னா, இதுதான் என் எஞ்சினைக் காப்பாத்தப் போற சாமான்னு. அதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கறது? ஒரு கிண்ணம் சந்தனம் முழுசா வச்சேன். ஏம்மா?"

"காத்து போவல பெரிம்மா. அடைச்சிக்கினு கீது. அதனாலதான் சூடாவுது."

பெரியம்மா உடைக்கிற கல்லைக் கீழே வைத்தார். "அப்போ நான் வச்ச சந்தனம்தான் புள்ள வண்டிய வித்துச்சின்றியா?"

காந்திமதி அக்கா வாயைத் திறந்தார். அண்ணன் செருப்பைப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. ஆனால் பேசிவிட்டேன்.

"சந்தனத்து மேல தப்பில்ல பெரிம்மா. அது வண்டிக்கு மூக்கு. அது வழியாத்தான் மூச்சு வுடுது. எங்கம்மாவுக்கு இளைப்பு. மூச்சு முட்டினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

பெரியம்மா மடியிலிருந்த தோலை உதறினார். பிறகு காந்திமதி அக்காவிடம் திரும்பினார்.

"ஏண்டி, இத்தினி வருசமா மாட்டுக்குச் சந்தனம் வைக்கறேன். கொம்புக்கு வைப்பேன், நெத்திக்கு வைப்பேன். என்னிக்காவது மூக்குல அடைச்சிருக்கேனா? இது மூக்குன்னு எங்கிட்ட யாராவது சொன்னீங்களாடி? சாமானு, சாமானுன்னா எனக்கு என்னா தெரியும்?"

காந்திமதி அக்கா சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, முகத்தை மூடிக்கொண்டார்.

"நாங்க கழுவலாமா பெரிம்மா?" என்றேன்.

"நீங்க ஏன் கழுவணும்? வச்சவதான் எடுக்கணும். காலையில மொத பஸ்ஸுக்கு வர்றேன். இந்தா, மல்லாட்டை எடுத்துக்கினு போ, உங்கம்மாவுக்கு வேணாம், நீ தின்னு. இளைச்சிக் கெடக்கற."

ஜனவரி 20, திங்கள்

வெள்ளையம்மாள் பெரியம்மாவும் காந்திமதி அக்காவும் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். பெரியம்மா வண்டிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் கற்பூரம் காட்டினார். பிறகு வெந்நீர். நான் பழைய பல் பிரஷ் கொடுத்தேன். தகடு வளைந்துவிடாமல் மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும் என்று அண்ணன் சொல்ல, "கன்னுக்குட்டியக் கழுவத் தெரிஞ்சவளுக்கு இதுவா தெரியாது," என்றார். மஞ்சள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒர்க்‌ஷாப் முழுக்கச் சந்தன வாசனை. கிரீஸ் வாசனை தோற்றுப் போன நாள் இது ஒன்றுதான்.

கடைசியில் தகடு வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

பத்து மணிக்கு வேங்கடேசன் ஐயா வந்தார். கூடவே புதுச்சேரிக்காரர், கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. தன் அக்காவைத் தரையில் பார்த்ததும் ஐயா திகைத்துவிட்டார். பெரியம்மா தம்பியிடம் ஒன்றும் விளக்கவில்லை. "ஏறி உக்காரு. புள்ள ஓட்டுவா. நீ அந்த முள்ள மட்டும் பாரு," என்றார்.

ஐயா ஏறினார். கூட்டேரிப்பட்டு வரை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான்கு தடவை ரோட்டுக்குப் போய்ப் பார்த்தேன். புதுச்சேரிக்காரர் ஒர்க்‌ஷாப் விலை என்ன என்று அண்ணனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தார்கள். அக்கா இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். ஐயா இறங்கினார். கதவை மெதுவாகச் சாத்தினார். பெரியம்மாவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"வாங்க," என்றார் புதுச்சேரிக்காரரிடம். "ஒரு டீ சாப்ட்டுட்டுப் போங்க. அவ்ளோ தூரம் வெயில்ல வந்தீங்க."

பிப்ரவரி 9, ஞாயிறு

சோழவரத்திலிருந்து வந்து இப்போதுதான் முகம் கழுவினேன். காதுக்குள் இன்னும் சத்தம்.

விமானம் இறங்கும் பழைய ஓடுதளம் அது. மூங்கில் கட்டி வைத்திருந்தார்கள். என்ன கூட்டம், என்ன புழுதி. அக்கா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போனபோது யார் என்றே அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது நடை. சேற்றில் வெறுங்காலோடு வந்த அதே நடை.

வெள்ளை ஹெரால்டு ஒவ்வொரு சுற்றும் எங்களைத் தாண்டிப் போகும். அண்ணன் வண்டியைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். வேங்கடேசன் ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு டிராக்குக்கு முதுகு காட்டி நின்றார். "பாப்பா, புகை வருதா?" "இல்லைங்க ஐயா." அடுத்த சுற்று. "இப்போ?" "இல்லைங்க ஐயா." பெரியம்மா வந்திருந்தால் தலையில் குட்டித் திருப்பியிருப்பார்.

போன வருஷம் நின்ற வளைவு வந்தது. அண்ணன் கண்ணைத் திறந்தார். வண்டி அதையும் தாண்டிப் போயிற்று.

ஐந்தாவதாக வந்தார். பரிசு மூன்று பேருக்குத்தான். எனக்கு அது பெரிதாகவே தெரியவில்லை. அக்கா இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, முகமெல்லாம் கரியோடு நேராக என்னிடம் வந்தார்.

"கோட்டைத் தொடவே இல்ல மேரி."

இந்த ஒரு வாக்கியத்தை நான் சாகும்வரை வைத்திருப்பேன்.

பிப்ரவரி 12, விபூதிப் புதன்

காலையில் கோயிலில் சாமியார் நெற்றியில் சாம்பலிட்டார். அழிக்காமல் வந்து அடுப்பு மூட்டினேன். அம்மா இன்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

பதினோரு மணிக்கு ஹார்ன். ஹெரால்டு. ஓட்டி வந்தது வேங்கடேசன் ஐயா. பக்கத்தில் காந்திமதி அக்கா கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "மேரி, இனிமே ரேஸுல பயமே வராது. இவரு பக்கத்துல உக்காந்து வந்துட்டேன்," என்றார். புதுச்சேரிக்காரர் இன்னும் ஆள் விடுகிறாராம். வண்டி ஊரில் இல்லை என்று ஐயாவே சொல்லி அனுப்பிவிடுகிறாராம்.

எண்ணெய் மாற்ற வந்திருக்கிறார்கள். நான் டீயைக் கையில் கொடுத்தேன். ஐயா என் நெற்றியைப் பார்த்தார்.

"என்னா பாப்பா, நீயும் பூசிக்கினு கிற?"

"இன்னிக்கி எங்களுக்கு விபூதிப் புதன்ங்க."

"மூக்குல பூசலியே?"

அண்ணன் வண்டிக்கடியில் படுத்தபடியே சிரித்தார். ஸ்பேனர் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

ஐயா பையிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தார். குழைத்த சந்தனம், மேலே வாழையிலை மூடி. "எங்க அக்கா கொடுத்தனுப்பிச்சி. ரேஸு முடிஞ்சி வந்த வண்டி, ஒரு பொட்டாவது வைக்கணுமாம். எங்க வைக்கறதுன்னு உன்னக் கேட்டு, உன் கையாலியே வைக்கச் சொல்லிச்சி."

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து நின்றார். முகப்பைவிட்டு ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.

கூலரிலிருந்து விலகி, கிரில்லுக்கும் மேலே, பானெட்டின் நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். ஒரே தொடலில்.

எண்ணெய் மாற்றி முடித்ததும் அண்ணன் துணியை எடுத்து வண்டியின் முகப்பைத் துடைத்தார். வழக்கம் போல, பொட்டைச் சுற்றி மட்டும்.